கவுன்சிலே டவுன் சார்ட்டரைத் திருத்தலாமா? உங்கள் கையில் இருக்கும் 30 நாள்

கேள்வி:

வணக்கம் மேடம். வட கரோலினாவில் ராலிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய டவுனில் பதினோரு வருடமாக இருக்கிறோம். நானும் மனைவியும் குடியுரிமை வாங்கிவிட்டோம். அப்பா அம்மா கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார்கள். எங்கள் டவுன் கவுன்சில் போன வாரம் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. கவுன்சில் உறுப்பினர்களின் பதவிக்காலம் 2 வருடத்திலிருந்து 4 வருடமாகிறதாம். மேயரை இனி மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்களாம், கவுன்சில் உறுப்பினர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்களாம். இதையெல்லாம் ஓட்டெடுப்பு இல்லாமல் ஆர்டினன்ஸ் போட்டே செய்யப் போகிறார்கள். சார்ட்டர் என்பது எங்கள் ஊருக்கு அரசியல் சட்டம் மாதிரி இல்லையா? அதை அவசரச் சட்டம் போட்டு மாற்ற இவர்களுக்கு என்ன அதிகாரம்? மக்கள் ஓட்டுப் போடாமல் சார்ட்டரைத் தொடவே முடியாது என்கிறாள் டெக்சஸில் இருக்கும் என் தங்கை. கேரி வெங்கடேஸ்வரா கோயிலுக்கு வரும் நம் ஆட்களிடம் கையெழுத்து வாங்கினால் நிறுத்த முடியுமா? வழக்குப் போட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

வணக்கம். முதலில் 'அவசரச் சட்டம்' என்ற சொல்லைத் தள்ளி வைத்துவிடுவோம். உங்கள் பதற்றத்தில் பாதி அந்தச் சொல்லிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ஆர்டினன்ஸ் என்றால் சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் பெயரில் வருவது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு வந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 நவம்பரில் மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றியதும் அப்படி ஓர் அவசரச் சட்டம்தான். 2022ல் சென்னை மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தது அந்த மாற்றத்தின்படிதான். அதனால் 'மேயர்', 'ஆர்டினன்ஸ்' இரண்டையும் ஒரே வரியில் படித்ததும் உங்களுக்குத் திக்கென்றிருக்கும். புரிகிறது.

அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நகராட்சி இயற்றும் சாதாரணச் சட்டம் எதுவானாலும் ஆர்டினன்ஸ்தான். நாயைக் கட்டிப்போடாமல் விட்டால் அபராதம் என்பதும் ஆர்டினன்ஸ், வீட்டு மனையின் சோனிங்கை, அதாவது அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகையை, மாற்றுவதும் ஆர்டினன்ஸ். அதில் அவசரம் எதுவும் இல்லை. உங்கள் விஷயத்தில் கவுன்சில் அவசரப்பட நினைத்தாலும் சட்டம் விடாது. ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்வதுதான் உங்களுக்கு இப்போது முக்கியம்.

சார்ட்டர் அரசியல் சட்டம் மாதிரி இல்லையா என்று கேட்டீர்கள். உங்கள் தங்கை சொல்வது அவர் இருக்கும் இடத்துக்குச் சரி. டெக்சஸில் 5,000 பேருக்கு மேல் உள்ள நகரங்கள் தங்கள் சார்ட்டரைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். எழுதுவதும் திருத்துவதும் வாக்காளர் ஒப்புதலோடுதான் நடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் திருத்தவும் கூடாது. கலிஃபோர்னியாவிலும் சார்ட்டர் திருத்தம் என்றால் மக்கள் ஓட்டு உண்டு. ஜார்ஜியாவுக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே நகர மன்றம் அடுத்தடுத்த இரண்டு வழக்கமான கூட்டங்களில் ஒரே ஆர்டினன்ஸை நிறைவேற்றிச் சார்ட்டரைத் திருத்தலாம். ஆனால் மன்றத்தின் அமைப்பைப் பொதுவாகத் தொட முடியாது. ஆக, அட்லாண்டா பக்கம் இருக்கும் நண்பர் ஒன்று சொல்வார், டல்லாஸ் பக்கம் இருக்கும் தங்கை வேறொன்று சொல்வார். இருவர் சொல்வதும் உங்கள் டவுனுக்குப் பொருந்தாது.

வட கரோலினாவில் டவுன் சார்ட்டர் என்பது மாநிலச் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம். உங்கள் ஊர் மக்கள் கூடி எழுதியதல்ல. ராலியில் உட்கார்ந்திருக்கும் ஜெனரல் அசெம்பிளிதான் ஊருக்குப் பெயரிட்டு, எல்லை வகுத்து, இத்தனை உறுப்பினர், இத்தனை வருடம் என்று எழுதிக் கொடுத்தது. நகரங்கள் மாநிலத்தின் படைப்புகள், மாநிலம் கொடுக்கும் அதிகாரம்தான் அவற்றுக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1907லேயே பிட்ஸ்பர்க் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. வட கரோலினா அந்தக் கோட்பாட்டில் ஊறிய மாநிலம். ஆகவே இங்கே சார்ட்டரை மாற்ற வழக்கமான வழி, நம் தொகுதி எம்எல்ஏ மாதிரி இருக்கும் உங்கள் மாநிலப் பிரதிநிதியைப் பிடித்து உள்ளூர் மசோதா ஒன்று கொண்டுவரச் செய்வது. பதினைந்து கவுண்ட்டிகளுக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குறைவான இடங்களுக்கு மட்டும் பொருந்தும் அந்த மாதிரி மசோதாக்களைத் தடுக்க ஆளுநருக்கு வீட்டோ அதிகாரம்கூடக் கிடையாது.

அப்படியானால் மாநிலச் சட்டத்தை ஒரு டவுன் கவுன்சில் எப்படித் திருத்த முடியும்? அந்த மாநிலச் சட்டமன்றமே அனுமதி கொடுத்திருப்பதால்தான். பொதுச் சட்டத் தொகுப்பில் 160ஏ என்ற அத்தியாயம் நகராட்சிகளைப் பற்றியது. அதில் 101ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. சாப்பாட்டுக் கடை மெனு மாதிரி என்று நான் சொல்வது வழக்கம். கவுன்சில் அந்த மெனுவிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், மெனுவில் இல்லாததைக் கேட்க முடியாது.

மெனுவில் என்ன இருக்கிறது? ஊர் தன்னைச் சிட்டி என்று அழைக்கலாமா, டவுன் என்றா, வில்லேஜ் என்றா என்பது ஓர் அயிட்டம். கேரி 2020 கணக்கெடுப்பில் 1,74,000 பேரைத் தாண்டிய ஊர், இன்னும் டவுன் என்றே அழைத்துக்கொள்கிறது. அப்புறம் உறுப்பினர் எண்ணிக்கை, மூன்றுக்குக் குறையாமல் பன்னிரண்டுக்கு மிகாமல். பதவிக்காலம் இரண்டு வருடம் அல்லது நான்கு வருடம், எல்லோருக்கும் ஒன்றாக முடிய வேண்டும் என்பதில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுப்பதா, வட்டாரம் வட்டாரமாகவா, இரண்டும் கலந்தா. கட்சிச் சின்னத்தோடா, கட்சி இல்லாமலா. மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, கவுன்சில் தேர்ந்தெடுப்பதா. நிர்வாகத்தைக் கவுன்சில் நேரடியாகக் கவனிப்பதா, மேனேஜர் ஒருவரை வைத்தா.

உங்கள் கவுன்சில் தொடும் இரண்டு விஷயங்களும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆக, அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில், இருக்கிறது. இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. உங்களுக்கு இது பிடிக்காத பதில் என்று தெரியும். ஆனால் 'அதிகாரமே இல்லை' என்று நீங்கள் மைக்கில் பேசி, டவுன் வழக்கறிஞர் எழுந்து பிரிவு எண்ணைப் படித்துக் காட்டினால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் நியாயமான விஷயத்தையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, இப்போது நாள் கணக்கு.

போன வாரம் அவர்கள் நிறைவேற்றியது ஆர்டினன்ஸ் அல்ல. இப்படி ஓர் ஆர்டினன்ஸைப் பரிசீலிக்க உத்தேசித்திருக்கிறோம் என்று சொல்லும் தீர்மானம் மட்டும்தான். சார்ட்டரில் இதுவரை ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்தத் தீர்மானத்தில், என்ன மாற்றம் என்பதைச் சுருக்கமாக, ஆனால் எதையும் விடாமல் சொல்லியிருக்க வேண்டும். அது 160ஏ-101ல் எந்த வகையின் கீழ் வருகிறது என்பதும் இருக்க வேண்டும். டவுன் கிளார்க்கிடம் கேட்டால் நகல் தருவார். முதல் வேலையாக அதை வாங்குங்கள். கோயில் வளாகத்திலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டதை வைத்து எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அதே கூட்டத்தில் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் நாள் குறித்திருப்பார்கள். தீர்மானம் நிறைவேறிய 45 நாளுக்குள் அது நடக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகத் திருத்தத்தின் சுருக்கத்தோடு அறிவிப்பு வெளியாக வேண்டும். கருத்துக்கேட்பு முடிந்த அன்றைக்கே ஓட்டெடுத்து ஆர்டினன்ஸை நிறைவேற்ற முடியாது. அடுத்த வழக்கமான கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அதே சமயம் 60 நாளுக்கு மேல் இழுத்தாலும் முடியாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடைவெளியைச் சட்டம் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறது என்பது என் கருத்து. கருத்துக்கேட்பில் ஐம்பது பேர் வந்து பேசிவிட்டுப் போனபின், உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று வாரம் அதே ஊரில் நடமாட வேண்டும். ஹாரிஸ் டீட்டரில் பால் வாங்கும்போதும், பிள்ளைகளின் சாக்கர் மைதானத்திலும் உங்களை அவர்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும். சின்ன ஊரில் மனம் மாறுவது அங்கேதான்.

அதனால் எல்லோரும் கையெழுத்தைப் பற்றியே யோசிக்கும்போது நான் கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். அங்கே நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, இந்த ஆர்டினன்ஸ் மக்கள் ஓட்டில் ஒப்புதல் பெற்றால் மட்டுமே அமலுக்கு வரும் என்று கவுன்சிலே நிபந்தனை வைக்கட்டும். 160ஏ-102 அதற்கு வெளிப்படையாக இடம் தருகிறது. யாரும் ஒரு கையெழுத்துகூட வாங்கத் தேவையில்லை, ஆர்டினன்ஸில் ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டு, பதவிக்காலத்தையும் மேயர் தேர்வையும் தனித்தனி ஆர்டினன்ஸாகப் பிரிக்கட்டும். ஒன்றாகக் கட்டிவிட்டால் மக்களுக்கு ஆம், இல்லை என்ற ஒரே பதில்தான். நான்கு வருடம் சரி, ஆனால் மேயர் எங்கள் ஓட்டில்தான் வர வேண்டும் என்று நினைக்கும் ஆள் என்ன செய்வார்?

நானே அப்படி நினைக்கும் ஆள்தான். மறைக்க விரும்பவில்லை. இரண்டு வருடப் பதவிக்காலத்தில் புதிதாக வரும் உறுப்பினர், பட்ஜெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்குள் அடுத்த தேர்தலுக்குப் பெயர் கொடுக்கும் நாள் வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக டவுன்களுக்கு வழக்கறிஞராக வேலை செய்ததில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சாக்கடைக் குழாய் போடுவது, பூங்காவுக்கு நிலம் வாங்குவது போன்றவற்றுக்கு நான்கு வருடப் பார்வை தேவைப்படுகிறது. பாதிப் பேர் ஒரு தேர்தலிலும் மீதிப் பேர் அடுத்த தேர்தலிலும் என்று மாற்றி மாற்றி வைத்தால், மக்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பேசும் வாய்ப்பும் போகாது. கேரியில் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் கவுன்சிலின் திட்டத்தில் அந்த மாற்றி வைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நான்கு வருடத்துக்கு ஒரே நாள்தான் உங்களுக்கு. அதைத் தாராளமாக எதிர்க்கலாம்.

மேயர் விஷயம் வேறு. மேனேஜர் வைத்து நடத்தும் ஊரில் மேயருக்குப் பெரிய நிர்வாக அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்து பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆள் பல இடங்களில் அவர்தான். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் ஓட்டு ஒன்று நாளைக்கு இருக்காது. கையில் இருக்கும் ஓட்டை எடுக்கும் திருத்தத்தை, அந்த ஓட்டு வைத்திருப்பவர்களிடமே கேட்டுவிட்டுச் செய்வதுதான் முறை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் ஒரு நல்ல கவுன்சில் அதைத் தானாகவே செய்ய வேண்டும்.

கவுன்சில் கேட்கவில்லை, நிபந்தனை இல்லாமல் நிறைவேற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உங்கள் கையெழுத்து இயக்கத்துக்கு நேரம். ஆர்டினன்ஸ் நிறைவேறிய 10 நாளுக்குள் கவுன்சில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும், இப்படி ஓர் ஆர்டினன்ஸ் நிறைவேறியிருக்கிறது, அதன் சாரம் இது என்று. அந்த அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு கிளார்க் கைக்குப் போய்ச் சேர வேண்டும். செப்டம்பர் 10ல் அறிவிப்பு வந்தால் அக்டோபர் 10 கடைசி நாள். மனு சரியாக இருந்தால் கவுன்சிலுக்கு வேறு வழியில்லை, ஆர்டினன்ஸை மக்கள் ஓட்டுக்கு வைத்தே ஆக வேண்டும். இது 160ஏ-103.

அந்த அறிவிப்பு உங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்கு வராது. பத்திரிகையின் பின்பக்கங்களில் சட்ட அறிவிப்புகள் என்ற பகுதி இருக்கும். இறந்தவர் சொத்துக்குக் கடன் பாக்கி உள்ளவர்கள் தொடர்புகொள்ளுமாறு ஓர் அறிவிப்பு, வாடகை கட்டாத ஸ்டோரேஜ் அறையின் சாமான்கள் ஏலம் என்று ஓர் அறிவிப்பு, இடையில் பொடி எழுத்தில் உங்கள் ஊரின் சார்ட்டர். நான் பார்த்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஆட்கள் நல்ல உற்சாகத்தோடு இருந்தார்கள். கூட்டக் குறிப்புகள் டவுன் இணையதளத்தில் ஏறட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். குறிப்புகள் அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெற்று மேலே ஏறியபோது 30 நாளில் பெரும்பகுதி போய்விட்டது. மழை பெய்த ஒரு சனிக்கிழமை முழுவதும் நூலக வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்று கையெழுத்து வாங்கினார்கள். போதவில்லை. அவர்களில் ஒரு பெண்மணி கிளார்க் அலுவலகத்திலிருந்து காகிதக் கட்டோடு திரும்பி வந்தது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. ஆகவே ஆர்டினன்ஸ் நிறைவேறிய மறுநாளே கிளார்க்குக்கு மின்னஞ்சல் போட்டு, எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதி வருகிறது என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கையெழுத்து வேண்டும்? ஊரில் வாக்காளராகப் பதிவு செய்தவர்களில் 10 சதவீதம், அல்லது 5,000, இதில் எது குறைவோ அது. உங்கள் டவுனில் 12,000 வாக்காளர் என்றால் 1,200. சார்லட் மாதிரிப் பெரிய ஊரில் 5,000 போதும். விகிதம் பார்த்தால் சின்ன ஊருக்குத்தான் பாரம் அதிகம். எண்ணிக்கையை நீங்களே ஊகிக்காமல் கவுண்ட்டி தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள்.

கோயில் வாசலில் நின்று வாங்கலாமா என்றீர்கள். வாங்கலாம், ஆனால் அங்கே வரும் கூட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்தக் கோபுர வாசலுக்கு மோரிஸ்வில்லிலிருந்தும் ஏபெக்ஸிலிருந்தும் டர்ஹாமிலிருந்தும் வருகிறார்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் உங்கள் டவுன் எல்லைக்குள் வாக்காளராகப் பதிந்தவர்கள் மட்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தபால் முகவரியில் உங்கள் ஊர்ப் பெயர் இருந்தாலே ஊருக்குள் இருக்கிறார் என்று பொருளில்லை. எல்லைக்கு வெளியே கவுண்ட்டி நிலத்தில் கட்டிய வீடுகளுக்கும் அதே பெயரில் தபால் போகும். இன்னும் சிலர் டவுனின் சோனிங் விதிகளுக்குக் கட்டுப்பட்ட வெளிவட்டத்தில் இருப்பார்கள். வேலி போட டவுனிடம்தான் அனுமதி வாங்கியிருப்பார்கள், ஆனால் டவுன் தேர்தலில் ஓட்டு இருக்காது. சொத்து வரி ரசீதில் கவுண்ட்டி வரிக்குக் கீழே டவுன் வரி என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது மாநிலத் தேர்தல் வாரிய இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தால் எந்த நகராட்சி என்று காட்டும்.

அடுத்தது பெயர். இது நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தலைவலி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரில் ரா. சுப்பிரமணியன் என்று கையெழுத்துப் போட்டுப் பழகியவர், குடியுரிமைச் சான்றிதழில் சுப்பிரமணியன் ராமசாமி ஆகியிருப்பார், வாக்காளர் பட்டியலிலோ குடும்பப் பெயர் ராமசாமி என்று போய் உட்கார்ந்திருக்கும். நண்பர்களுக்கு அவர் மணி. மனுத்தாளில் 'மணி' என்று ஆங்கிலத்தில் கிறுக்கிவிட்டுப் போனால், பட்டியலோடு ஒப்பிடும் அலுவலருக்கு அவரை எப்படித் தெரியும்? கையெழுத்து எப்படிப் போடுவாரோ அப்படியே போடட்டும். பக்கத்தில் வாக்காளர் பட்டியலில் உள்ளபடி முழுப்பெயர், குடியிருக்கும் முகவரி இரண்டையும் அச்செழுத்தில் எழுதச் சொல்லுங்கள். முகவரி கட்டாயம், சட்டமே கேட்கிறது. மனுத்தாள் செருகிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஒவ்வொரு வரியையும் வாங்கும்போதே படித்துப் பார்க்க வேண்டும். தேவைப்படும் எண்ணிக்கைக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்குங்கள். சில கையெழுத்துகள் அடிபடும், கட்டாயம் அடிபடும்.

மனுவின் தலைப்பில் அது கவுன்சிலுக்கு எழுதப்பட்டது என்று இருக்க வேண்டும். எந்த ஆர்டினன்ஸை ஓட்டுக்கு விடக் கேட்கிறீர்கள் என்பது எண்ணோடும் தேதியோடும் இருக்கட்டும், ஒவ்வொரு தாளிலும். 'மக்கள் உரிமையைக் காப்போம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது மனு ஆகாது.

ஆர்டினன்ஸ் வருவதற்கு முன்பே மனு போட்டு நாமே ஒரு மாற்றுத் திட்டத்தை ஓட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். அப்படி ஒரு வழி இருக்கிறது, 160ஏ-104. அதே 10 சதவீதம் அல்லது 5,000தான். ஆனால் கவுன்சில் கருத்துக்கேட்புக்கு அறிவிப்பு வெளியிட்ட நிமிடத்திலிருந்து, அந்த நடவடிக்கை முடியும்வரை அந்தக் கதவு மூடியிருக்கும். ஆர்டினன்ஸ் அமலுக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் 18 மாதம் திறக்காது. ஆகவே இப்போதைக்கு அதை நம்ப வேண்டாம்.

வழக்கு? கவுன்சில் நாள் கணக்கில் தவறியிருந்தால், அறிவிப்பே போடாமல் விட்டிருந்தால், உங்கள் மனுவைக் காரணமில்லாமல் தள்ளினால், அப்போது ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். திருத்தம் பிடிக்கவில்லை என்பதற்காக நீதிமன்றம் போனால் பணம்தான் போகும். ஆனால் இந்த மனு உரிமை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2015ல் மாநிலச் சட்டமன்றம் கிரீன்ஸ்பரோவின் கவுன்சில் அமைப்பை மாற்றி ஒரு சட்டம் போட்டது. அதோடு, இனி கிரீன்ஸ்பரோ நகரமோ மக்களோ அதை ஆர்டினன்ஸ் மூலமோ மனு மூலமோ மாற்ற முடியாதபடி செய்தது. மாநிலத்தில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இருக்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் இல்லை. கூட்டாட்சி நீதிபதி கேத்தரின் ஈகிள்ஸ் 2017ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். நீங்கள் அட்டையும் பேனாவுமாக நிற்கப் போகும் அந்த உரிமைக்காக ஒரு நகரமே நீதிமன்றத்தில் நின்றிருக்கிறது.

ஆஷ்வில்லில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். வட்டாரம் வட்டாரமாகக் கவுன்சிலைத் தேர்ந்தெடுப்பது வேண்டாம் என்று 2017ல் அங்கே சுமார் முக்கால்வாசிப் பேர் ஓட்டுப் போட்டார்கள். மறு வருடம் மாநிலச் சட்டமன்றம் அதையே கொண்டுவந்து திணித்தது. பின்னர் நகர கவுன்சில், உங்கள் கவுன்சில் இப்போது கையில் எடுத்திருக்கும் இதே ஆர்டினன்ஸ் வழியில்தான் பழைய முறைக்குத் திரும்பியது. ஆகவே இந்த அதிகாரத்தையே கெட்டது என்று பேச வேண்டாம். ஊர் தன் விஷயத்தைத் தானே முடிவு செய்துகொள்ள இந்த மாநிலத்தில் இருக்கும் சொற்ப வழிகளில் இது ஒன்று.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பதவியில் இருப்பவர்கள் தங்கள் நடப்புக் காலத்தையே நீட்டிக்கொள்கிறார்களா, அல்லது அடுத்த தேர்தலில் வருபவர்களுக்குத்தான் நான்கு வருடமா என்று கருத்துக்கேட்பில் நேராகக் கேளுங்கள். இரண்டாவதுதான் முறை, பதில் கூட்டக் குறிப்பில் பதியட்டும். தேர்தலைப் பாதிக்கும் திருத்தம் அந்தத் தேர்தலுக்கு 90 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். நாளை இந்தத் திருத்தம் அமலுக்கு வந்தால், அதன்படி தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் பதவியேற்றதிலிருந்து குறைந்தது இரண்டு வருடம் அது நிலைக்கும். பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே திருப்ப முடியாது. இப்போது கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

கடைசியாக அப்பா, அம்மா. கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆகவே மனுவில் கையெழுத்தும் போடக் கூடாது. பாசத்தில்கூட வாங்கிவிடாதீர்கள். ஓட்டில்லாத ஒருவர் தன்னை வாக்காளர் என்று காட்டிக்கொண்டதாக ஆகிவிட்டால் அவருடைய குடியேற்ற நிலைக்கே ஆபத்து. ஆனால் கருத்துக்கேட்பில் பேச ஓட்டுரிமை தேவையில்லை, அந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்பது போதும். வாசலில் ஒரு தாள் இருக்கும், பெயரும் முகவரியும் எழுதினால் முறை வரும்போது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். மேடைக்கு முன்னால் சின்ன விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாகும். அப்பா தமிழில் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கலாமா என்று கிளார்க்கிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்படியென்றால் கூடுதலாக எத்தனை நிமிடம் தருவார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஊரில் கவுன்சிலரைத் தெருவிலேயே நிறுத்திக் கேள்வி கேட்ட தலைமுறை அது. சுருக்கமாகப் பேசத் தெரிந்தவர்கள்.

தீர்மானத்தின் நகல் கைக்கு வந்ததும் அதன் தேதியையும் கருத்துக்கேட்பு நாளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு படிக்கும் கடைசி நாள் எது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.